நைலான் கவுனுக்கு ஓர் உடம்பு

வாளியில் இருந்த வெந்நீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, பொம்மைக்காரர் மறுபடியும் புதிதாக வெந்நீர் ஊற்றினார். கடையிலிருந்து அன்று காலைதான் வந்த காடாத்துணி. அதிலிருக்கும் கஞ்சி ஒரு சொட்டு விடாமல் வெளியே போக வேண்டும். சோப்புக் கிடையாது. வெறும் வெந்நீரும் வெறும் கையும்தான். பிழிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, சுவரின் உச்சியிலிருக்கும் சின்ன ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். துளி மங்கல் தெரிந்தாலும் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து.

"தோல் மாதிரி இருக்கணும்ங்க. மேல போடுற துணியை உரசக் கூடாது, கறை படுத்தக் கூடாது. நாம உள்ள இருக்கோம்னே அதுக்குத் தெரியக் கூடாது" என்பார்.

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், தண்ணீர்க் குழாய்கள் ஓடும் தாழ்வான கூரைக்குக் கீழே இருக்கிறது அவருடைய அறை. மேலே மாடியில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பழங்காலத்துக் குழந்தை உடுப்புகள் நிற்கின்றனவே, அவை தாமாக நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உடம்பு இருக்கிறது. அந்த உடம்புகளைச் செய்வதுதான் இவர் தொழில். காடாத்துணியில் பை தைத்து, பஞ்சு அடைத்து, இரும்புக் கம்பியில் ஏற்றி நிறுத்துவார். கழுத்தோடு முடிந்துவிடும் உடம்புகள். தலை வைத்தால் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்ப்பார்களாம், துணியைப் பார்க்க மாட்டார்களாம்.

"என்னண்ணே, உங்க பிள்ளைங்கள்லாம் நல்லாப் படிக்குதுங்களா?" என்று மாடிப்படியில் நின்றபடி காவலாளி தினமும் கேட்பான்.

"தலையே இல்லாததுக்குப் படிப்பு எங்கடா ஏறும்? உன்னை மாதிரிதான் வரும்" என்று பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இவர் பதில் சொல்வார். கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது, சிரிப்பு மட்டும் தினமும் புதிதாக வரும்.

முன்பு சோபாவுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவர். அருங்காட்சியகத்தின் நாற்காலிகளைச் சீர்செய்ய ஒரு மழைக்காலத்தில் வந்தார். உடுப்புப் பிரிவைக் கவனிக்கும் மேடம் அவர் கையைப் பார்த்துவிட்டு, "நாற்காலியை விடுங்க, எனக்கு ஒரு குழந்தை செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டார். மனுஷன் வெலவெலத்துப் போய்விட்டார். அர்த்தம் புரிந்தபின் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல, அந்த அம்மாள் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாளாது அவருக்கு.

அந்த மனைவிக்கு இப்போது வேறு கவலை. பஸ்ஸில் ஏறினால் இவர் கண் குழந்தைகளின் முழங்காலுக்கும் முழங்கைக்கும்தான் போகிறது. எந்தப் பிள்ளைக்கு ஒரு தோள் இறக்கம், எதற்கு வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். "பிள்ளை பிடிக்கிறவன்னு நெனச்சு ஒரு நாள் நல்லா அடி வாங்கப் போறீங்க. நான் யாரோன்னு இறங்கிப் போயிடுவேன், சொல்லிட்டேன்" என்று அந்த அம்மாள் எச்சரித்து வைத்திருக்கிறார்.

புதிதாக எந்த உடுப்பு வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "உடம்பு எங்க?" என்பதுதான். மேசைமேல் உடுப்பைப் பரப்பி வைத்து, தொடாமல், சுற்றிச் சுற்றி வருவார். முழங்காலில் துணி தேய்ந்திருந்தால் தவழ்ந்த பிள்ளை. வலது கைப்பட்டி மட்டும் நைந்திருந்தால் மூக்கைத் துடைத்த பிள்ளை. நெஞ்சில் மஞ்சளாகப் பால்கறை, விளிம்பில் கடித்த தடம். இப்படித் துணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓர் உடம்பைத் தேடி எடுத்து, பிறகு பஞ்சில் அதைச் செய்வார்.

இந்த முறை மேடம் ஏற்பாடு செய்திருந்தது பெரிய கண்காட்சி. குழந்தைகள் எந்தெந்தத் துணிகளை உடுத்தி வந்தார்கள் என்ற கதை. பச்சைக் குழந்தையின் கைகால் கோணாமல் வளர வேண்டும் என்று லினன் பட்டைகளால் இறுக்கிச் சுற்றிவைத்த காலம் முதல் பெட்டியில். "இதுக்கு உடம்பு செய்யறது சுலபம், கட்டை மாதிரி இருந்தாப் போதும். பாவம், அதுங்க கட்டையாத்தான் கிடந்திருக்கும்" என்றார் பொம்மைக்காரர். அடுத்தது, ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒரே மாதிரி போட்டுவிட்ட வெள்ளை மஸ்லின் கவுன். ஊதினால் பறக்கும் மென்மை, குளிர்காலத்தில் உயிரை வாங்கும் மென்மை. அதற்குப் பயந்து எல்லோரும் கம்பளி ஃபிளானலுக்கு ஓடினார்கள். கம்பளி வாங்க முடியாதவர்களுக்கு, பருத்தியிலேயே பஞ்சு எழுப்பி ஃபிளானல் போலச் செய்த மலிவுத்துணி வந்தது. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும், அடுப்புப் பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். அந்தப் பெட்டிக்கு முன்னால் மட்டும் பொம்மைக்காரர் நின்று பேசுவதில்லை. அப்புறம் போர்க்காலத்து மாவுச் சாக்கில் தைத்த சட்டை, பாராசூட் துணியில் தைத்த உள்பாவாடை. அதற்கும் பின்னால், எல்லோரையும் மயக்கிக்கொண்டு வந்து இறங்கிய நைலான்.

நைலான் பெட்டிதான் வெகுநாள் காலியாக இருந்தது. லட்சக்கணக்கில் விற்ற துணிக்கு ஒரு கவுன் கூடக் கிடைக்கவில்லை. காரணத்தை மேடம்தான் ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்.

"நல்லா உடுத்தின துணி நமக்கு வராதுங்க. கிழியற வரைக்கும் ஒரு பிள்ளை போடும். அப்புறம் தங்கச்சி போடும். அப்புறம் தரை துடைக்கப் போயிடும். குழந்தை உடுப்பு ஒண்ணு அப்படியே புதுசா நம்ம கைக்கு வந்துச்சுன்னா…"

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து பளிச்சென்ற உடுப்பைக் கண்டால் பொம்மைக்காரர் முதலில் கறையைத்தான் தேடுவார். கறை இருந்தால்தான் நிம்மதி.

அப்படி ஒரு நாள்தான் அந்த நைலான் கவுன் வந்தது. இளஞ்சிவப்பு, பஃப் கை, இடுப்பில் பட்டி, அடுக்கடுக்காக மூன்று சுருக்கம். யார் வீட்டுப் பெட்டிக்குள்ளோ இருட்டில் கிடந்ததால் லேசாக மஞ்சளேறியிருந்தது, அவ்வளவுதான். முன்புறத்தில் ஒரு கறை இல்லை. ஒரு தேய்மானம் இல்லை.

கொண்டுவந்து கொடுத்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. தன் முதல் பிள்ளை போட்டது என்று மட்டும் சொன்னார். ஒரு நிபந்தனையும் சொன்னார்: "மாட்டி நிறுத்தினப்புறம் நான் வந்து பார்ப்பேன். மனசு ஒப்பினா இங்க இருக்கட்டும். ஒப்பலைன்னா எடுத்துட்டுப் போயிடுவேன்."

மேடம் சரியென்றார். அந்தப் பெட்டிக்கு வேறு கவுன் இல்லை.

பொம்மைக்காரர் அந்த உடம்புக்கு எடுத்துக்கொண்ட சிரத்தை கொஞ்சமல்ல. பழைய நைலான் பார்க்கத்தான் பளபளப்பு, தையல் ஓரங்களில் சருகு மாதிரி. ஒருதரம் மாட்டலாம். கழற்றி மறுபடி மாட்டினால் தோள் பிரிந்துவிடும். ஆகவே முதல் தடவையே சரியாக அமைய வேண்டும். இடுப்புப் பட்டியின் பின்புறத்தில் எதிரெதிராக இரண்டு சின்னத் துளைகள், சுற்றிலும் துருப்பிடித்த நிறம். ஊக்குக் குத்திய தடம். அதைப் பார்த்ததும் அவருக்குச் சட்டென்று ஒரு காட்சி வந்தது: கடை ஜன்னலில் ஒல்லியான பொம்மைக்கு இந்தக் கவுனை மாட்டி, தொளதொளவென்று தெரியாமலிருக்கப் பின்னால் ஊக்குப் போட்டு நிறுத்தியிருப்பார்கள். அப்புறம் அதையே விற்றிருப்பார்கள். வேறு யாராக இருந்தாலும் ஊக்குத் துளையைக் கண்டால் ஒரு தாயின் கை ஞாபகத்துக்கு வந்திருக்கும். பொம்மை செய்கிறவருக்குப் பொம்மைதான் ஞாபகம் வந்தது.

கவுனின் நெஞ்சும் இடுப்பும் என்ன அளவோ, அந்த அளவுக்கு உடம்பு செய்தார். சுருக்கமில்லாமல், தொங்கலில்லாமல், ஆறு வயதுப் பெண் ஒருத்தி நிமிர்ந்து நிற்கிற மாதிரி அமைந்தது. காவலாளி வந்து பார்த்துவிட்டு அன்று கேலி செய்யவே மறந்துவிட்டான்.

கண்காட்சி திறக்கும் நாளுக்கு முந்தின நாள் அந்த அம்மா வந்தார். கூடவே அவருடைய மகன். காதோரம் நரைத்தவன், வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். "அம்மா, ரொம்ப நேரம் நிக்காதம்மா, முழங்கால் வலிக்கும்" என்று படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த கவுனைப் போர்த்தியிருந்த வெள்ளைத்துணியைப் பொம்மைக்காரர் மெல்ல உருவினார். அவர் முகத்தில் ஒரு பெருமிதம். இருக்காதா பின்னே? வாரக்கணக்கில் குனிந்து செய்த வேலை.

அந்த அம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடி முன்னால் வந்து நின்றார்.

"இது யாரு தம்பி?"

பொம்மைக்காரருக்குப் புரியவில்லை. "உங்க கவுன்தாங்கம்மா. உங்க பொண்ணோட…"

"இது என் பொண்ணு இல்லை."

"கழட்டிக் குடுத்துடுங்க. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார் அந்த அம்மா. கோபமில்லாத குரல். கோபமிருந்தாலாவது சமாதானம் சொல்லலாம்.

கூடவே இறங்கி வந்திருந்த மேடம் பதறிப்போய் முன்னால் வந்தார். "அம்மா, கவுனோட அளவுக்குத்தான் செஞ்சிருக்கு. இப்பக் கழட்டினா தோள்ல பிரிஞ்சிடும். கொஞ்சம் உட்காருங்க…"

"பிரிஞ்சாப் பிரியட்டும். வேற யாரோ போட்டுட்டு நிக்கறதை என்னால பார்க்க முடியாது."

பொம்மைக்காரரின் கண் அப்போது இடுப்புப் பட்டிக்குப் போனது. "அம்மா… பின்னாடி ஊக்குக் குத்தின தடம் இருக்கு. அது கடையில குத்தினதுதானே?"

"கடையிலயா? நான்தான் குத்தினேன்."

பொம்மைக்காரர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டிருந்த அம்மாவுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. அந்த அம்மா கவுனைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்:

"இவங்க அப்பா கப்பல்ல இருந்தாரு. ரெண்டு வருஷமாப் பிள்ளையைப் பார்க்கலை. ஏதோ ஒரு ஊர்க் கடையில போய் நின்னிருக்காரு. என்ன அளவுன்னு கேட்டதுக்கு, கையைக் காட்டி இவ்ளோ இருப்பான்னு சொல்லியிருக்காரு. பிரிஞ்சு இருக்கறவங்களுக்குப் பிள்ளை வேகமா வளருது. வந்து பார்த்தா இவ பாதிதான் இருக்கா. அப்பா முகம் விழுந்துடுச்சு. நான்தான், அதனால என்ன, வளர்ற பிள்ளைதானேன்னு சொல்லி, பின்னால ரெண்டு மடிப்பு விட்டு ஊக்குக் குத்திப் போட்டுவிட்டேன். எங்க தெருவுல முதல் நைலான் அதுதான். கசங்காதாமேன்னு ஆளாளுக்கு வந்து கசக்கிக் கசக்கிப் பார்த்தாங்க. இவளுக்கு வேர்த்து ஊத்துது. குத்துதும்மா, குத்துதும்மாங்கறா. கழட்டட்டுமான்னா, வேணாங்கறா. அதைப் போட்டுக்கிட்டே தூங்கினா."

கவுனிலிருந்து கண்ணை எடுத்து மகனைப் பார்த்தார்.

"அந்த ஒரு தடவைதான். அப்புறம் காய்ச்சல் வந்துடுச்சு. நாலு வயசுகூட முடியலை."

மகனின் விரலில் சுழன்றுகொண்டிருந்த சாவி நின்றுவிட்டது. அவன் அந்த வருஷம் பிறந்திருக்கவில்லை. அம்மாவின் முதுகில் கை வைத்தான். "அம்மா, இப்படியே இருக்கட்டுமே. வளர்ந்திருந்தா அக்கா இப்படித்தானே இருந்திருப்பா?"

வாசகர்களே, அந்த வார்த்தையில் எவ்வளவு ஆசை இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெற்றவளுக்கு அது கொஞ்சமா ஆசை? அந்த அம்மாவின் கை கவுனின் பக்கம் ஒரு கணம் எழுந்தது. எழுந்த கை அப்படியே இறங்கியது.

"வளர்ந்தவளை எனக்குத் தெரியாதுடா. எனக்குத் தெரிஞ்சவ சின்னவ."

பொம்மைக்காரர் எழுந்தார். "தப்பு என்னோடதுதாங்கம்மா. கழட்ட வேணாம். உடுப்பு அப்படியே இருக்கட்டும், உள்ள இருக்கறதைக் குறைச்சிடறேன். கீழ அடியில பிரிச்சா பஞ்சை எடுத்துடலாம். எவ்வளவு எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

உயரத்தைச் சொல்வது சுலபமாக இருந்தது. அந்த அம்மா தன் தொடையருகே உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். பொம்மைக்காரர் கம்பியை அந்த அளவுக்கு இறக்கினார். ஆனால் பருமன்? நெஞ்சு எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று நாடாவை நீட்டினால் எந்தத் தாயால் சொல்ல முடியும்?

"அளவெல்லாம் தெரியாது தம்பி" என்றார் அந்த அம்மா. "கட்டிப் பிடிச்சாத் தெரியும்."

அந்த அறையில் வெளியாட்கள் ஒரு நூலைக்கூடத் தொடக் கூடாது. அந்த விதியை எழுதியவரே மேடம்தான். பொம்மைக்காரர் அவரைப் பார்த்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "மெதுவாப் பிடிங்கம்மா. தோள் பக்கம் மட்டும் அழுத்தாதீங்க" என்றார்.

அந்த அம்மாவை முக்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கவுனைச் சுற்றி வளைத்துக்கொண்டார். வண்டிக்கு அடியில் படுக்கிற மெக்கானிக் மாதிரி பொம்மைக்காரர் தரையில் மல்லாந்து படுத்து, கம்பிக்குப் பக்கத்தில் தையலைப் பிரித்து, பஞ்சை ஒவ்வொரு பிடியாக இழுக்கத் தொடங்கினார்.

"இன்னும்."

ஒரு பிடி.

"இன்னும் தம்பி. விலா எலும்பு கைக்குத் தெரியும் அவளுக்கு."

இன்னொரு பிடி. பஞ்சு அவர் முகத்தின்மேல் விழுந்தது, தட்டிவிடவில்லை.

"வயித்துல கை வைக்காதீங்க. தொப்பை உண்டு." அழுகைக்கு நடுவே அந்த அம்மா சிரித்தார். "உங்க அக்கா சாப்பாட்டுராமிடா. எந்நேரமும் வாயில எதையாவது போட்டுக்கிட்டே இருப்பா."

மகன் சாவியைச் சட்டைப்பையில் போட்டான்.

பஞ்சு வரவர அம்மாவின் கைகள் நெருங்கின. வலது கை இடது முழங்கையைத் தொட்டது. அங்கே நின்றது.

"போதும்" என்றார். காதில் விழாத குரல், ஆனால் பொம்மைக்காரரின் கை உடனே நின்றுவிட்டது. அவர் அப்படியே தரையில் கிடந்தார். மேலே அந்தக் கைகள் பிரிவதற்காக யாரும் அவசரப்படவில்லை. பிரிவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

இப்போது பார்த்தால் கவுன் தொளதொளவென்று தொங்கியது. கழுத்து ஒரு பக்கம் சரிந்தது. கீழ்ச்சுருக்கம் கணுக்கால் இருக்க வேண்டிய இடம் வரைக்கும் வந்துவிட்டது. மகன் மெல்ல வந்து அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். உட்கார்ந்தபிறகும் அவன்தான் உயரமாக இருந்தான்.

"இவ்ளோதானா?" என்றான். "அக்கா அக்கான்னு சொல்லி, நான் என்னைவிடப் பெரியவளாவே நெனச்சிட்டிருந்தேன்மா."

அம்மா அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, மேடத்திடம் திரும்பினார். "இங்கயே இருக்கட்டும்" என்றார். "ஆனா பின்னால தொங்குதே. ஒரு ஊக்குக் கிடைக்குமா?"

"ஊக்கு வேணாங்கம்மா, மறுபடி துருப் பிடிக்கும்." பொம்மைக்காரர் ஊசியில் பருத்திநூல் கோத்தார். பின்புறம் இரண்டு மடிப்பு விட்டார். புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், அந்தத் தாய் என்றைக்கோ குத்திய அதே துளைகள் வழியாக ஊசியை விட்டு எடுத்தார். இடுப்பு இறுகியது. சரிந்த கழுத்து தானாக நேரானது. அம்மா பார்த்தார். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார்.

சாயங்காலம் உடுப்புகளை மாடிக்கு ஏற்றும் வேலை நடந்தது. காவலாளி சக்கரவண்டியை உருட்டிக்கொண்டு வந்து, நைலான் கவுனுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பொம்மைக்காரர் வண்டியைப் பார்த்தார், வேண்டாமென்று தலையை ஆட்டினார். கம்பியைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, கவுனோடு அந்த உடம்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். முதுகை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். மாடி வாசலின் நிலை தாழ்வானது, தெரியாதவர்கள் இடித்துக்கொள்வார்கள். அங்கே வந்ததும் அவர் நின்றார். குனிந்தார். இன்னொரு கையைத் தூக்கி, கழுத்துக்கு மேலே, ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, நிலை இடிக்காமல் உள்ளே நுழைந்தார்.